காரைக்குடி எலக்ட்ரிக்கல் கடையும் எங்கள் பள்ளத்தூர் வீட்டு வயரிங்கும்

பழைய செட்டிநாட்டு வீட்டை வைத்துக்கொண்டு கரண்டுக்கு அல்லாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி கொப்புடையம்மன் கோயிலை ஒட்டிய தெருவொன்றில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. சாமானும் விற்கிறார்கள், வயரிங் வேலையும் எடுத்துச் செய்கிறார்கள். போர்டில் முதலாளியின் சொந்தப் பேரே இருப்பதால் அதை இங்கே போடவில்லை. கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்காரரின் ஐயா கட்டிய வீட்டுக்கு, முகப்பிலிருந்து பின்கட்டுக் கிணறு வரை, வயரிங்கை மாற்றிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். வயரை விற்பதற்கு முன்னால் மீட்டரை வைத்து அளக்கிறார்கள். அளந்ததைக் கணக்குப் போட்டு நம் கண் முன்னால் காட்டுகிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் பார்த்த வரைக்கும் இப்படி வேலை செய்கிறவர்கள் குறைவு.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். முன் தெருவில் வாசல், பின் தெருவில் கொல்லை. நடுவில் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு, அடுப்படி. வயர் போகிற வழியை அளந்தால் முகப்பு மெயின் போர்டிலிருந்து கிணற்று மோட்டார் வரை ஏறக்குறைய 60 மீட்டர். இப்போது இரண்டு பங்கு: எங்களது ஒன்று, பெரிய மாமனார் மக்களது ஒன்று. ஆளுக்கொரு ஈபி மீட்டர். முதன்முதல் கரண்டு இழுத்தபோது போட்ட வயர் வளவில் அப்படியே இருந்தது. தேக்கு மரக் கேசிங்குக்குள் ரப்பரும் நூலும் சுற்றிய வயர். தொட்டால் ரப்பர் பொடியாக உதிரும். பின்கட்டுக்குத் தேக்கு ரீப்பர் மேல் கிளிப் அடித்து 1/18 வயர், அதாவது 18 கேஜில் ஒற்றைக் கம்பி. பித்தளைக் குமிழ் வைத்த பீங்கான் சுவிட்சுகள், மெயினில் பேஸுக்கு ஒன்று நியூட்ரலுக்கு ஒன்று என்று கிட்கேட் ஃபியூஸ் (கம்பி கட்டிச் செருகுகிற பீங்கான் ஃபியூஸ்).

தலைவலி மோட்டாரில்தான் ஆரம்பித்தது. 1 ஹெச்பி மோட்டார். சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. சில நாள் காலையில் எடுத்துவிடும், சாயங்காலம் எடுக்காது. முன்பு வந்த ஒயர்மேன்கள் ஒவ்வொருவரும் கப்பாசிட்டர் மாற்றினார்கள். ஒருவர் மோட்டாரையே ரீவைண்டிங் கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம். திரும்பி வந்த மோட்டாரும் அதே மாதிரி உறுமியது.

இந்தக் கடைத் தம்பி வந்தபோது மோட்டாரைத் தொடவே இல்லை. முகப்பில் மீட்டரை வைத்தார்: 228 வோல்ட். பின்கட்டுக்குப் போய் மோட்டார் சுவிட்சுக்குக் கீழே மீட்டரையும், வயரைச் சுற்றிக் கிளாம்ப் மீட்டரையும் மாட்டிக்கொண்டு, "ஒரு தடவை போடுங்க ஆச்சி, நான் சொன்னதும் அணைச்சிருங்க" என்றார். போட்டேன். மோட்டார் உறுமியது. கிளாம்ப் மீட்டரில் 25 ஆம்பியர். வோல்ட் 184-க்கு இறங்கி நின்றது. அணைத்ததும் மறுபடி 228.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இந்தக் கடையின் மேல் நம்பிக்கை வரவழைத்தது. மெயினை இறக்கினார். மோட்டார் பக்கம் பேஸையும் நியூட்ரலையும் கழற்றி இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டார். முகப்புக்கு வந்து அந்த இரண்டு வயரின் நுனியிலும் மீட்டரை ஓமில் வைத்துத் தொட்டார். 1.8 ஓம். கையிலிருந்த சுவிட்சு அட்டைப்பெட்டியின் பின்பக்கம் எழுதினார்: 25 × 1.8 = 45. அதற்குக் கீழே 228 - 45 = 183. "அங்கன மீட்டர் 184 காட்டுச்சுல்ல? சரியாப் போச்சு. மோட்டார் மேல குத்தமில்ல ஆச்சி. வழியிலேயே 45 வோல்ட்டை இந்த வயர் தின்னுருது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஆம்பியரை ஓமால் பெருக்கினால் வோல்ட். ஜெர்மனியில் ஜியார்ஜ் ஓம் 1827-ல் புத்தகமாக வெளியிட்ட விதி. பரீட்சைக்காக உருப்போட்ட ஒன்று என் வீட்டுக் கொல்லையில் ஒரு வோல்ட் வித்தியாசத்தில் ஒத்துப்போவதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. சுற்று என்றால் சுற்றுதான்: ஈபி மீட்டரிலிருந்து போகிற பேஸ் 60 மீட்டர், மோட்டாரைத் தாண்டித் திரும்பி வருகிற நியூட்ரல் 60 மீட்டர். ஆக வயர் 120 மீட்டர். நாம் பார்க்கும்போது போகிற தூரத்தை மட்டும்தான் பார்க்கிறோம். கரண்டுக்குத் திரும்பி வருகிற தூரமும் கணக்கு. செம்பு நல்ல கடத்திதான் என்றாலும் அதற்கும் தடை உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் தடிமனில் 1 மீட்டர் வயருக்கு 0.017 ஓம். நீளம் கூடக் கூடத் தடை ஏறும், தடிமன் கூடக் கூட இறங்கும். 1/18 என்பது 1.2 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டால் 1.75 ஓம் வாக்கில் வருகிறது, மீதி பழைய முறுக்கு ஜாயின்டுகளில்.

மோட்டார் கிளம்புகிற நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு கரண்டு இழுக்கும். எங்கள் மோட்டார் ஓட ஆரம்பித்தால் 6 ஆம்பியர்தான், கிளம்ப 25. அந்த நேரத்தில்தான் வோல்ட் விழுகிறது. மோட்டாரின் முறுக்கு விசை வோல்ட்டின் வர்க்கத்தை ஒட்டிப் போகும் என்பதால், 184 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு விசைதான் கிடைக்கும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரத்தில் வந்துசேர்கிற வோல்ட்டே குறைந்தால் அதுவும் கிடைக்காது. காலையில் எடுத்த மோட்டார் சாயங்காலம் எடுக்காததற்கு அதுதான் காரணம். 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டார்கள். தடை அரை ஓமுக்கு வந்தது. இப்போது கிளம்பும்போது வோல்ட் 210-க்குக் கீழே போவதில்லை, மோட்டார் சுவிட்சைப் போட்டதும் எடுக்கிறது. ரீவைண்டிங்குக்கும் கப்பாசிட்டர்களுக்கும் கொடுத்த பணத்தில் இந்த வயரில் பெரும்பகுதியை வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம், உயிர் சம்பந்தப்பட்டது. சில வருஷம் முன்னால் வேறொருவரை வைத்து ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானே அணைந்துவிடுகிற சுவிட்சு) மாட்டினோம். வளவு விளக்கைப் போட்டதும் அது விழுந்துவிடும். வந்து பார்த்தவர், "பழைய வீட்டுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று சொல்லி நேராக ஜம்பர் போட்டுவிட்டுப் போய்விட்டார். பெட்டிக்குள் ஆர்சிசிபி இருக்கும், ஆனால் அதன் வழியாகக் கரண்டு போகாது. இப்படி எத்தனை வீட்டில் இருக்கிறதோ. தயவுசெய்து உங்கள் வீட்டு ஆர்சிசிபியில் 'டி' என்று போட்ட பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழுந்து வீட்டில் கரண்டு நின்றால் அது வேலை செய்கிறது. விழாவிட்டாலும், விழுந்த பிறகும் விளக்கு எரிந்தாலும், உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

இந்தத் தம்பி ஜம்பரைப் பார்த்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டார். ஆர்சிசிபி என்ன செய்கிறது என்று அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பேஸில் எவ்வளவு கரண்டு போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வந்தாக வேண்டும். சுற்றின் இலக்கணமே அது. திரும்பி வருவது குறைந்தால் மீதி வேறு வழியில், ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனுஷர் உடம்பு வழியாகவோ, தரைக்குப் போகிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஆர்சிசிபி சுற்றை அறுத்துவிடும். அப்படியென்றால் வளவு விளக்குக்கு ஏன் விழுகிறது? வளவில் ஒவ்வொரு கிளையாகக் கழற்றிக் கழற்றித் தேடினார். கடைசியில் கிழக்குப் பத்தி (தாழ்வாரம்) ஓரத்து மரப்பெட்டிக்குள் காரணம் அகப்பட்டது. ஒரே வீடாக இருந்த காலத்தில் இழுத்த நியூட்ரலை, பங்கு பிரித்து இரண்டு மீட்டர் வைத்தபோது யாரும் பிரிக்கவில்லை. கிழக்குப் பத்தி டியூப் லைட்டுக்குப் பேஸ் எங்கள் மீட்டரிலிருந்து போகிறது. நியூட்ரல் பெரிய மாமனார் வீட்டு மீட்டருக்குத் திரும்புகிறது. டியூப் லைட் எடுப்பது ஏறக்குறைய 200 மில்லி ஆம்பியர். எங்கள் ஆர்சிசிபியின் கணக்கில் 200 போய்விட்டது, ஒன்றும் திரும்பவில்லை. அது விழுந்தது சரி. குறை வயரிங்கில்.

இதில் இன்னொரு ஆபத்தையும் காட்டினார். பங்காளி வீட்டு மெயினை இறக்கிவிட்டு அவர்கள் பக்கம் யாராவது நியூட்ரலைக் கழற்றினால், எங்கள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் பட்சத்தில் அந்தக் கழற்றிய நுனி ஷாக் அடிக்கும். மெயின் இறக்கியாயிற்று என்று நம்பித்தான் ஆள் கை வைப்பார். பங்கு பிரித்த எல்லாப் பெரிய வீட்டிலும் இதை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

நியூட்ரலில் இருந்த கிட்கேட்டையும் அன்றே எடுத்தார். அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் ஃபியூஸ் வைப்பது வழக்கம். ஆனால் நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணையும், ஹோல்டர் வரைக்கும் பேஸ் அப்படியே நிற்கும். விளக்கு எரியவில்லையே என்று ஹோல்டரில் கை வைத்தால் அடிக்கும். அடுப்படி ஓரத்து விளக்கில் எங்கள் அப்பத்தா காலத்திலிருந்தே "சுவிட்சை அணைச்சாலும் அடிக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. அங்கே சுவிட்சே நியூட்ரலில் போட்டிருந்தது. இத்தனை வருஷம் அதை விளக்கின் குணம் என்று விட்டுவைத்திருக்கிறோம். சுவிட்சும் ஃபியூஸும், இப்போது ஃபியூஸுக்குப் பதிலாக வருகிற எம்சிபியும் பேஸை அறுக்க வேண்டும். நியூட்ரலை மட்டும் அறுக்கக் கூடாது.

எர்த் விஷயத்தில் நம் ஊர் மண்ணைப் பற்றி அவருக்கு நல்ல தெளிவு இருக்கிறது. செம்பூராங்கல்லும் சரளையுமான தரை, கோடையில் ஈரமே இருக்காது. காய்ந்த மண்ணில் கரண்டு இறங்காது. முகப்பு ஓரத்தில் இருந்த பழைய எர்த்தை எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்தார், 14 ஓம். 230-ஐ 14-ஆல் வகுத்தால் 16 ஆம்பியர் சொச்சம். வாஷிங் மெஷின் பாடிக்குப் பேஸ் வந்துவிட்டால் எர்த் வழியாக 16 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையாமல் நிற்கும். மெஷின் பாடியில் கரண்டு இருந்துகொண்டே இருக்கும். "எம்சிபி வயரைக் காப்பாத்த ஆச்சி. ஆளைக் காப்பாத்த ஆர்சிசிபியும் எர்த்தும்" என்று அவர் சொன்னது எனக்கு மனசில் தங்கிவிட்டது. புது எர்த்தைக் கொல்லையில், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தருகே, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இறக்கி, கரியும் உப்பும் போட்டு வைத்தார்கள். கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற மேலே ஒரு புனலும் மூடியும். முகப்பில் வைத்தால் வயர் மிச்சம், கொல்லையில் வைத்தால் வயர் செலவு கூட. அவர் கொல்லையைத்தான் சொன்னார், காரணத்தையும் சொன்னார்.

கடைக்குள் போனால் கவுண்டர் ஓரமாக ஒரு சீரீஸ் போர்டு இருக்கும். ரிப்பேருக்கு வருகிற மின்விசிறியோ மிக்சியோ நேராக பிளக்கில் போடாமல் முதலில் இந்தப் போர்டில், ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்போடு தொடராக மாட்டுவார்கள். சாமானுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், வேறு ஒன்றும் ஆகாது. பல்பின் தடை விடுகிற அளவுக்கு மேல் கரண்டு போக முடியாது. எங்கள் வீட்டு டிபி பாக்ஸை (எம்சிபிகள் வைக்கிற பெட்டி) முடித்த அன்றும் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு முதலில் இந்தப் பல்பு வழியாகத்தான் கரண்டு விட்டார்கள். பல்பு எரியவில்லை. அதற்குப் பிறகுதான் நேர் இணைப்பு. விடுமுறைக்கு வந்திருந்த பேரனையும் கடைக்குக் கூட்டிப் போயிருந்தேன். கடைக்காரர் அவனிடம் 40 வாட்ஸ் பல்பையும் 100 வாட்ஸ் பல்பையும் கொடுத்து, தொடராக மாட்டினால் எது பிரகாசமாக எரியும் என்று கேட்டார். பையன் 100 என்றான். போட்டுக் காட்டினார்: 40 பளிச்சென்று எரிந்தது, 100-ன் இழை லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். 40 வாட்ஸ் பல்பின் தடை 1,300 ஓமுக்கு மேல், 100 வாட்ஸுடையது 500 சொச்சம். தொடரில் இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்டு. ஆகவே தடை அதிகமான இடத்தில்தான் சூடும் வெளிச்சமும் அதிகம். பிறகு பக்க இணைப்பில் போட்டார், 100 ஜெயித்தது. வீட்டில் எல்லாமே பக்க இணைப்புதான், எல்லாவற்றுக்கும் முழு 230 வோல்ட். பையன் திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தான். வாடிக்கைக்காரர் வீட்டுப் பையனுக்காக வியாபார நேரத்தில் ஒரு கடைக்காரர் அவ்வளவு நேரம் ஒதுக்கியது சின்ன விஷயமில்லை. மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிலையம் இருக்கிற ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த சிக்ரி. அந்த ஊர்க் கடைத்தெருவில் இப்படியொரு கவுண்டர் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

சுவர் விஷயத்திலும் கவனமாக இருந்தார்கள். நம் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஒரு இடத்தில் உளி பட்டால் அந்தப் பூச்சை இன்றைக்குத் திரும்பக் கொண்டுவர ஆள் கிடைப்பது கஷ்டம். கட்டிங் மெஷினே கொண்டுவரவில்லை. பழைய மரக் கேசிங்கை மூடி கழற்றி, சுத்தம் பண்ணி, அதே பள்ளத்துக்குள் புது வயரை ஓட்டினார்கள். பீங்கான் சுவிட்சுகளை முகப்பு விளக்குகளுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். பிளக் பாயின்ட் எதற்கும் பழைய சாமானைப் போடச் சம்மதிக்கவில்லை. நான் கேட்டும் சம்மதிக்கவில்லை, அது சரிதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆள் கிடைப்பது பெரும்பாடு. தையிலும் வைகாசியிலும் கல்யாண வீட்டுச் சீரியல் செட் வேலைக்குப் போய்விடுவார்கள், போன் எடுத்தாலும் "அடுத்த வாரம் ஆச்சி" என்றுதான் வரும். பாதி வேலையில் விட்டுப் போய், இரண்டாங்கட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வைத்துக் காலம் தள்ள வேண்டியிருந்தது. உதவிக்கு வந்த பையன்கள் ஆத்தங்குடிக் கல் தரையில் சாக்குப் போடாமல் ஏணியை இழுத்துவிட்டார்கள். பட்டாலைக் கூடத்தில் நீளமாக ஒரு கீறல், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் தெரிகிறது. முதலாளி வந்து பார்த்து வருத்தப்பட்டார், கூலியிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ஆனால் கீறல் கீறல்தான். வேலை ஆரம்பிக்கும் முன்பே நீங்களே சாக்கு விரித்துவிடுங்கள். பழைய சுவிட்சுகளுக்கு அடியில் வைக்கிற வட்ட மரக்கட்டைகள் கடையில் இருப்பில்லை, தச்சரிடம் தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும்.

கூலி பாயின்ட் கணக்கு, அதாவது விளக்கு, பிளக் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று. பழைய வயரைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலைக்கு மட்டும் தனியாக நாள்கூலி வாங்குகிறார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது, நியூட்ரலைத் தேடியது பாயின்ட் கணக்கில் அடங்காது. வயர் 90 மீட்டர் காயிலாக வாங்கிப் போட்டார்கள்: விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, மோட்டாருக்கு 4 சதுர மில்லிமீட்டர். மிஞ்சிய துண்டுகளைச் சுருட்டி என்னிடமே கொடுத்தார்கள். பில் கேட்டதும் ஜிஎஸ்டியோடு கிடைத்தது. டிபி பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எந்த எம்சிபி எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டச் சொன்னேன். 'வளவு கிழக்கு', 'வளவு மேற்கு', 'அடுப்படி', 'கிணறு' என்று எழுதி, கூடவே முழு வயரிங்கையும் ஒரு தாளில் வரைந்து ஒட்டிவிட்டார். இப்போது வீட்டுக்குக் காவலுக்கு இருக்கிற பெரியவரே எதை இறக்க வேண்டும் என்று பார்த்து இறக்கிவிடுகிறார்.

புது பிளாட்டில் ஒரு பிளக் பாயின்ட் மாற்ற வேண்டும் என்றால் இவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, பக்கத்தில் யார் இருந்தாலும் செய்வார்கள். வளவு வைத்த வீடு, பங்கு பிரித்த வீடு, மழை பெய்தால் சுவரில் ஷாக் அடிக்கிற வீடு என்றால் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. காலை பத்து மணிக்குள் போனால் முதலாளியைப் பார்க்கலாம், அதற்கு மேல் வேலை நடக்கிற இடத்துக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் எத்தனை ஈபி மீட்டர் இருக்கிறதோ அத்தனைக்கும் ஈபி அட்டையை எடுத்துப்போங்கள். முகப்பிலிருந்து கிணறு வரை எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்துக் குறித்துக்கொண்டும் போங்கள். அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.